ஜன்னலோரக் குடியானவன்

"மண்ணு இருந்தாத்தானே சார் பூச்சி வரும்? இதுல மண்ணே கிடையாதே!"

மதுரையில் ஒரு பொருட்காட்சியில், மூடியில் 24 ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டியையும் இரண்டு உரப் பாட்டில்களையும் என் தலையில் கட்டிய மனிதர் சொன்ன வாசகம் இது. கேட்ட மாத்திரத்தில் மறுக்க முடியாத தர்க்கமாகப் பட்டது. பூச்சிக்கு வேண்டியது மண் இல்லை, இலை என்கிற சின்ன விவரம் எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆயிற்று.

எங்கள் பாலவனத்தம் பக்கம் கரிசல் பூமி. ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைப்போம், மார்கழியில் பனியைப் பார்த்து வளர்ப்போம், மாசியில் வியாபாரியின் முகத்தைப் பார்த்து விற்போம். மானாவாரியில் பார்ப்பதுதான் பாதி வேலை. அய்யா தன் இரண்டு ஏக்கரில் பருத்தி போட்டு, ஊடே கொத்தமல்லி விதைத்து, ஓரத்தில் தட்டைப்பயறு ஊன்றியிருந்தார். அப்படிப்பட்டவரின் மகன் வீட்டு ஜன்னலில் கொத்தமல்லி வளர்க்கப் பெட்டி வாங்கி வந்திருக்கிறான். அய்யா பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"மீன் பெட்டிதானப்பா இது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாப் பேராசிரியர் வில்லியம் கெரிக். தண்ணீர், உழைப்பு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டுப்போட்ட பெயர். மனிதர் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடி வளர்த்துக் காட்டியவர். தண்ணீர் உழைப்பு என்று பார்த்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஹைட்ரோபோனிக்ஸ்தான் செய்துவருகிறார்கள். ஒரு பேராசிரியரும் வந்து பெயர் வைக்கவில்லை.

எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அளக்கும் மீட்டரை விட்டேன். 1,800 காட்டியது. உரம் கலந்த பிறகே 1,000-ஐச் சுற்றித்தான் இருக்க வேண்டும் என்றது பெட்டியோடு வந்த கையேடு. ஆக, செடிக்குக் கேன் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று.

"மனுசனுக்குக் குழாய்த் தண்ணி, மல்லிக்குக் கேன் தண்ணியா?" என்றாள் மனைவி. எங்கள் பக்கம் மல்லி என்றால் பூவும் உண்டு, கொத்தமல்லியும் உண்டு. பூ என்றாலாவது ஒரு முழம் தலையில் ஏறும் என்று அவளுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

முதலில் வந்தது செடிக்கான பூச்சியே இல்லை. நான் கைக்கொண்டது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி சொன்ன முறை. மோட்டார் வேண்டாம், பம்பு வேண்டாம், தண்ணீரை அசைக்கவே வேண்டாம். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேல்வேர் காற்றில் மூச்சு விடும். சோம்பேறிக்கென்றே கண்டுபிடித்த விவசாயம். அசையாத நல்ல தண்ணீரை எதிர்பார்த்து ஊருக்குள் இன்னொரு ஜீவனும் காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

டெங்குக்காக வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற பெண் டார்ச்சோடு உள்ளே வந்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தார், மாடியில் கிடந்த சிரட்டையைக் கவிழ்த்தார், கடைசியில் ஜன்னலோரம் நின்றார்.

"இது என்ன சார், தண்ணி தேக்கி வச்சிருக்கீக?"

"தேக்கலம்மா. விவசாயம்."

மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். வேர்களுக்கு நடுவே ஏழெட்டுப் புழுக்கள் கூத்துப் பயின்றுகொண்டிருந்தன. "ஏடிஸ் கொசு சாக்கடையில முட்டை போடாது சார், இந்த மாதிரி சுத்தமான தண்ணியிலதான் போடும்" என்றார். என் கேன் தண்ணீரின் தரத்துக்கு அந்த ஒரு சான்றிதழ்தான் இதுவரை கிடைத்திருக்கிறது. கொட்டிவிடச் சொன்னார். நான் கெஞ்சினேன். "அப்ப கம்பூசியா மீனு வாங்கி விடுங்க. கெணத்துக்கெல்லாம் நாங்களே விடுறோம்ல."

மீன் என்றதும் திண்ணையிலிருந்து அய்யாவின் குரல் வந்தது. "கொழம்புக்கு ஆகுமாம்மா?"

"ரெண்டு இஞ்சுதான் தாத்தா வளரும்."

"அப்ப நெத்திலி கணக்கு."

மீனும் வேண்டாம் என்று, தண்ணீரை மாற்றி, ஓட்டைக்கு ஓட்டை பழைய கொசுவலைத் துணியைக் கிழித்துக் கட்டினேன். கொசு விவகாரம் அதோடு தீர்ந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் என் வீட்டுக்கு நேராக மட்டும் அந்தப் பெண் ஒரு சுழி போட்டுவிட்டுப் போனார்.

மார்கழி வந்தது. இரண்டு நாள் மப்பு போட்டது. மூன்றாம் நாள் காலையில் மல்லித் தண்டில் யாரோ பச்சை ரவையைத் தூவியது போல இருந்தது. ஊதினேன், பறக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால், ரவைக்குக் கால் இருந்தது.

அசுவினி. எங்கள் ஊர்ப் பேச்சில் பேன் விழுந்துவிட்டது. அய்யா எட்டிப் பார்த்தார். "அளவுக்கு மிஞ்சி ஊட்டியிருக்க. பயிரு கொழுகொழுன்னு நின்னா பேனு விழாம என்ன செய்யும்?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. தழைச்சத்து கூடினால் இலை இளசாகும். சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கு அதைவிட வேறு பந்தி வேண்டியதில்லை. வயலென்றால் காற்றும் மழையும் எதிரிப் பூச்சியும் உண்டு. என் ஜன்னலில் மின்விசிறி உண்டு, அதையும் இரண்டில்தான் வைப்போம்.

அசுவினியின் குடும்ப விவரத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. நம் வெயில் நாட்டில் அதற்கு ஆண் துணையே தேவையில்லை. பெண் தனியாகவே பெறும். முட்டையாகக்கூட இல்லை, குட்டியாகவே போடும். பிறக்கிற குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு அப்போதே வளரத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குட்டியும் தாய். பெண் பார்க்கிற படலம் இல்லை, சீர்வரிசை இல்லை, வளைகாப்பு இல்லை, மண்டபத்துக்கு அட்வான்ஸ் இல்லை. அம்மா வயிற்றில் மகள், மகள் வயிற்றில் பேத்தி என்று பொம்மைக்குள் பொம்மையாக ஒரு வம்சம் என் கேன் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது.

இதில் எறும்பு வேறு. அசுவினி குடித்த சாற்றில் மிச்சத்தை இனிப்பு நீராகப் பின்பக்கம் சொட்டுகிறது. எறும்பு வந்து மீசையால் அதன் முதுகைத் தட்டுகிறது, ஒரு சொட்டு வாங்கிக் குடிக்கிறது. பதிலுக்கு வேறு பூச்சி எதுவும் மந்தைக்குள் வராமல் காவல் நிற்கிறது. கறவை மாடு மாதிரியேதான். பாலவனத்தம் பழைய ஜமீன் ஊர். ஜமீன் ஒழிந்து இத்தனை வருஷம் கழித்து, என் ஜன்னலில் சித்தெறும்புகள் புது ஜமீன் தொடங்கி, என் மல்லிக்குத் தீர்வை வசூலிக்கின்றன.

வீட்டுக்குள் விஷ மருந்து அடிக்க முடியாது. பெட்டியிலிருந்து மூன்றடியில் கட்டில். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீர். அசுவினி குளித்துவிட்டுப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அடுத்தது வேப்பெண்ணெய்க் கரைசல். இந்த எண்ணெயைப் பூஞ்சணத்துக்குப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் அந்த நாட்டு வேளாண் துறையும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கி, நம் ஊர்க்காரர்கள் போராடி 2000-ஆம் ஆண்டில் அது ரத்தானது ஊரறிந்த கதை. ஒருநாள் எங்கள் வீட்டுக்குள் வந்து மூச்சு இழுத்திருந்தால் கம்பெனிக்காரர்கள் வழக்காடாமலே விட்டுக் கொடுத்திருப்பார்கள். அசுவினி பாதி செத்தது. மீதிப் பாதிக்காக மறுபடி அடித்தேன். அது தெரியாமல் மனைவி அன்று மாலை வந்த மச்சானுக்கு அந்த மல்லியில் துவையல் அரைத்துவிட்டாள். ஒரு வாய் வைத்தவர், "நெலவேம்பா மச்சான்? சக்கரைக்கு நல்லதாம்ல" என்று முழுசையும் தின்றுவிட்டுப் போனார். நல்ல மனிதர். பொங்கல் முடிந்தும் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகு மஞ்சள் ஒட்டுப்பொறி. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் பறக்கிற பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஈ கொஞ்சம் ஒட்டியது, மகளின் தலைமுடி கொஞ்சம் ஒட்டியது. மூன்றாம் நாள் ஒரு பல்லி. பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தலை முதல் கால்வரை போட்டிருக்கிறார்கள். ஒட்டினால் என்ன பலன் என்று அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டியும் கிடைக்கவில்லை.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருநாள் வந்து நிலவரத்தைப் பார்த்தார். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் ஜமீன்தார் என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் வந்து நிற்பார். திருக்குறளைத் திருத்துகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரர் பிழையாக அச்சடித்த பிரதிகளையெல்லாம் தேவர் விலை கொடுத்து வாங்கித் தீயில் போட்டார் என்று இங்கே சொல்வார்கள். ஆசிரியர் அந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடித்து, "தம்பி, ஒத்தையொத்தையாத் திருத்திக்கிட்டிருந்தா வேலைக்காகாது. மொத்தமாப் புடுங்கி எரிச்சிரணும். அதுதான் நம்ம ஊரு மொறை" என்றார். தெர்மாகோலை எரிக்கக் கூடாது என்பதால் தப்பித்தேன்.

வழி சொன்னது அய்யாதான், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவே. அந்தக் காலத்தில் காடு கரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி அடைந்து கிடந்ததாம். வெட்டினால் துண்டுக்குத் துண்டு முளைக்கும். கடைசியில் சர்க்கார் ஒரு பூச்சியை இலங்கையிலிருந்து தருவித்து விட்டது. 1926-இல் நடந்த சங்கதி அது. வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் கள்ளியில் அப்பிக்கொண்டு, சில வருஷத்தில் புதர் புதராகச் சாய்த்துவிட்டது. "எங்கய்யா கள்ளிப்பழம் தின்னு வாயெல்லாம் செவந்து திரிஞ்சவரு. பூச்சி வந்ததும் பழமும் போச்சுன்னு கடைசிவரைக்கும் சர்க்காரை வஞ்சுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

பூச்சிக்குப் பூச்சி! எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் விடியலில் அய்யாவின் தட்டைப்பயறுச் செடிகளில் பொறிவண்டு தேடினேன். வண்டு பறந்து போய்விடும், அதன் புழுதான் தோது. ஒரு புழு நாளுக்குப் பத்துக் கணக்கில் அசுவினி தின்னும். கறுப்பாய், முதுகில் மஞ்சள் திட்டோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். இரண்டு தீப்பெட்டிகளில் 19 புழுக்களைச் சேர்த்து வந்து மல்லியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க அலுவலகத்தில் எனக்கு ஒரே உல்லாசம்.

சாயங்காலம் வாசலிலேயே மனைவி மலர்ந்த முகத்தோடு நின்றாள்.

"ஏங்க, இனிமே கவலைய விடுங்க. செடியைத் தின்னதெல்லாம் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். கருகருன்னு முதலையாட்டம் பத்துப் பதினெட்டு. ஒண்ணு விடாம நசுக்கிட்டேன். அந்தப் பச்சப் பூச்சி பாவம், அதுபாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு. அதை ஒண்ணும் செய்யல."

கணக்குப்படி ஒன்று தப்பியிருக்க வேண்டும். தேடினேன். அதை எறும்புகள் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

அதன் பிறகு நான் தலையிடவில்லை. அசுவினி பெருகியது. நெருக்கடி அதிகமாகிச் செடி வதங்கினால், அடுத்துப் பிறப்பவற்றில் சிலதுக்கு இறக்கை முளைக்கும். தை பிறந்த வாரத்தில் என் ஜன்னல் கம்பிக்கு வெளியே அவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. எனக்குப் பெரிய நிம்மதி. எல்லாம் தொலைந்தது என்று பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பத்து நாள் கழித்து அய்யாவின் மல்லியில் பேன் விழுந்தது. கரிசல் மல்லியில் மார்கழி, தையில் பேன் விழுவது ஒன்றும் அதிசயமில்லை. பொறிவண்டு தின்று தீர்த்துவிடும் என்று அவரே வழக்கமாகச் சொல்லி விட்டுவிடுவார். இந்த வருஷம் மட்டும் வரப்பில் நின்று ஊரை நோக்கி, குறிப்பாக என் ஜன்னலை நோக்கி, ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்கு வந்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் உளுந்துக்கும் அதே பேன் என்றார். அவருக்கும் அடுத்தவர், போன வருஷம் தன் பருத்தி பாழானதற்கே இப்போதுதான் காரணம் புரிகிறது என்றார். போன வருஷம் என்னிடம் பெட்டியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

இப்போது காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆடு பத்திக்கொண்டு போகிறவர்கூட நின்று விசாரிக்கிறார், கண்மாய் மடை திறப்பது பற்றிக் கேட்கிற மாதிரி:

"சார், இந்த வருசம் எப்பத் தொறந்து விடப்போறீக? முன்கூட்டிச் சொல்லிட்டீகன்னா நாங்க கொஞ்சம் முந்தி அறுத்துக்கிடுவோம்."