வெங்காயக் கணக்கு

கேள்வி: பி.எஸ்ஸி. வேளாண்மை முடித்த என் மகள், மேற்படிப்புக்கு வேளாண் பொருளாதாரம்தான் வேண்டும் என்கிறாள். பயிரை விட்டுவிட்டுக் கணக்கைப் படித்து என்ன ஆகப்போகிறது?
– விவசாயி ஒருவர், உடுமலைப்பேட்டை

பதில்: பயிர் விளைவது மண்ணில், விவசாயி பிழைப்பதும் நொடிப்பதும் கணக்கில். தாராளமாகப் படிக்கட்டும்!

சின்ன வெங்காயம் விலை ஏறினால் ஊரே வெங்காயம் நடுகிறது. அறுவடையில் விலை சரிகிறது. அடுத்த பட்டத்தில் நடுவார் இல்லை, மறுபடி ஏறுகிறது. 'சிலந்திவலைத் தேற்றம்' என்று இதை 1938-இல் விரிவாக எழுதியவர் அமெரிக்க வேளாண் பொருளாதார அறிஞர் மோர்டகாய் எசக்கியேல். உரிப்பவரை மட்டுமல்ல, விளைவித்தவரையும் வெங்காயம் ஏன் அழவைக்கிறது என்பது அதில் புரியும்.

நீரும் காடும் மீனும் இத்துறைக்குள்தான் வரும். எலினார் ஆஸ்ட்ரம் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது தெற்குக் கலிபோர்னியாவின் நிலத்தடி நீரை. ஆளாளுக்கு உறிஞ்சியதில் அங்கே கடல்நீர் உட்புகுந்தது. பயன்படுத்தியவர்களே கூடிப் பேசி அளவு வகுத்தார்கள். அவர் படித்தது அரசியல் அறிவியல், 2009-இல் பெற்றது பொருளாதார நோபல். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போகும் கொங்கு நாட்டுப் பெண்ணுக்கு இதைவிட நெருங்கிய பாடம் ஏது?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுநிலை இரண்டு ஆண்டுகள். புள்ளியியல் மிரட்டும், பழகிவிடும். களத்தில் வரவுசெலவு கேட்டு எழுதுவதில்தான் சோம்பல் கூடாது. முதல் பேட்டியை நீங்களே கொடுங்கள். வீட்டாள் உழைப்புக்கும் கூலி போட்டு எழுதச் சொல்வாள், கூசாமல் சொல்லுங்கள்.