உட்கார்ந்து பார்க்கும் வேலை

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் கணக்கை மெச்சாமல் இருக்க முடியவில்லை. இரண்டு காயங்கள், தலா 50 சதவீத ஊனம். கூட்டினால் 100 என்பவர் பாமரர். முதல் காயம் பாதி ஆளைக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவது காயம் மிச்சமிருக்கும் பாதியில்தானே பாதியைத் தின்ன முடியும்? ஆக, 75. அதையும் பெருந்தன்மையோடு 80 ஆக்கித் தருவார்கள். இந்த முறையில் மனிதன் லேசில் முழுசாக உடைந்துவிட மாட்டான். என்ன ஒரு நம்பிக்கை!

இருந்தும் சிலர், ‘வேலை பார்க்க முடியவில்லை, 100 சதவீதத்துக்கான உதவித்தொகையே கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். சட்டத்தில் இடமும் இருக்கிறது. முதுகு நிமிரவில்லையா? உட்கார்ந்து பார்க்கும் வேலை இருக்கிறதே என்று பதில் வரும். எந்த வேலை, யார் தருவார் போன்ற அற்ப விவரங்களுக்குள் துறை போவதில்லை.

மறுத்துவிட்டால் மனம் தளர வேண்டாம். ஓராண்டு அவகாசம், மூன்று வழிகள். புதிய சான்று தேடலாம். புதிய சான்றே காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு மூத்த அதிகாரியிடம் போகலாம். அல்லது மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதிக்காகக் காத்திருக்கலாம். காத்திருப்பதும் உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். சம்பளம் மட்டும் கிடையாது.

ஒரே எச்சரிக்கை. வேலை பார்க்க முடியாதவர்களுக்கான படிவம் 21-8940-ஐப் பிழையில்லாமல் நிரப்பி, மருத்துவச் சான்றுகளைத் தேதிவாரியாக அடுக்கி, கெடுவுக்கு முன்பே அனுப்பித் தொலைக்காதீர்கள். இவ்வளவு நேர்த்தியான ஆளுக்கு எந்த ஆபீஸில்தான் வேலை இருக்காது?

தாமதமாக அனுப்பினாலும் நிராகரிப்பார்கள். ஆனால் அது வேறு மேஜை.