அழைப்பும் அத்தாட்சியும்

அமெரிக்காவில் ஊழியத்துக்குப் படிக்க ஆண்டவர் அழைத்தால் மட்டும் போதாது, மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவமும் நிரப்ப வேண்டும். அழைப்பை ஆராய்வது சேர்க்கைக் குழு. பையை ஆராய்வது உதவித்தொகை அலுவலகம். முட்செடியில் குரல் கேட்ட மோசேயே விண்ணப்பித்திருந்தாலும் மூன்று சிபாரிசுக் கடிதம் கேட்டிருப்பார்கள். மனுஷனுக்குத் திக்குவாய் வேறு; நேர்காணலோடு கதை முடிந்திருக்கும்.

போதகர் ஊழியத்துக்கான முதுகலைப் பட்டமான எம்.டிவ். படிப்பு மூன்று வருடம். முடித்தவருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது சின்னச் சபை, அதைவிடச் சின்னச் சம்பளம். கடன் வாங்கிப் படித்த போதகருக்குப் பரமண்டல ஜெபத்தில் கடன் மன்னிப்பு வரும் இடத்தில் குரல் தழுதழுத்தால் அது பக்தி மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். யேல் இறையியல் பள்ளிக்கு இது புரிந்திருக்கிறது: தேவையுள்ள எல்லா மாணவருக்கும் முழுக் கல்விக் கட்டண உதவி என்று 2022-இல் அறிவித்துவிட்டது. தேவை உண்டு என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரின்ஸ்டன் இறையியல் செமினரி கதை இன்னும் ருசி. 1812-இல் தொடங்கிய நிறுவனம். மூலதன நிதி 2019 வாக்கில் சுமார் 100 கோடி டாலர். அதில் அடிமைமுறையால் வந்த லாபமும் கலந்திருப்பதைத் தானே ஆராய்ந்து ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு 2.76 கோடி டாலர் பரிகாரத் திட்டம் போட்டது. அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கும் வாய்ப்புக் குறைந்த பிரிவினருக்கும் 30 புதிய உதவித்தொகைகள் அதில் அடக்கம். கறுப்பின மாணவர்கள் கேட்டது இதைவிட அதிகம். ஒட்டகமும் ஊசிக்காதும் பற்றிய பாடம் அங்கே எந்த செமஸ்டரில் வருகிறதோ, அறங்காவலர்களுக்கு அன்று வேறு கூட்டம் இருக்கும்.