கதகளிக் கண்ணும் சொட்டு மருந்தும்

கேள்வி: அப்பாவுக்குக் கிளாக்கோமா. தினமும் விடும் சொட்டு மருந்து கண் நரம்பையும் காக்குமாமே, நிஜமா?
(வாசகர், திருப்பூணித்துறை)

பதில்: கண் அழுத்தத்தைக் குறைப்பதே நரம்புக்குச் செய்யும் முதல் உபகாரம்; அது நிரூபணமானது. அதற்கு மேலும் உண்டா என்பதில்தான் வழக்கு. பிரிமோனிடின் என்ற சொட்டு மருந்து, எலிகளின் விழித்திரை நரம்புச் செல்களைக் காப்பாற்றியது. மனிதர்களை? அழுத்தம் ஏறாமலே கிளாக்கோமா வந்தவர்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், அதுவும் டிமோலால் என்ற இன்னொரு சொட்டு மருந்தும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒன்றாகவே குறைத்தன. பார்வைப் பரப்பு தேய்ந்தவர்களோ டிமோலாலில் 39 சதவீதம், பிரிமோனிடினில் 9! உடனே குதிக்காதீர்கள். பிரிமோனிடின்காரர்களில் பலர் ஒவ்வாமையால் பாதியில் நழுவிவிட்டார்கள். உங்கள் ஊர்க் கதகளி நடிகர் கண் சிவக்கச் சுண்டப்பூ தேடுவார். இவர்களுக்கு மருந்தே அந்த வேலையைச் செய்துவிட்டது. அப்பாவைச் சொட்டை நிறுத்தாமல் விடச் சொல்லுங்கள். விட்டதும் கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும்.