என் வீட்டைத் தண்ணீர்ப்பந்தல் ஆக்கியவர்களுக்கு

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனம்.

பொருள்: என் வீட்டு வைஃபையை ஊர்ப் பொதுச்சொத்து ஆக்கியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

போன வருஷம் உங்கள் ஊழியர் வந்தார். ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டார், ஒயரை இழுத்தார், டிவிக்கு மேலே ரவுட்டரை மாட்டினார். "பாஸ்வேர்டு என்ன சார் வைக்க?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் 12345678 என்று அடித்துவிட்டார். நான் மறந்துவிடக் கூடாதே என்று தினசரிக் காலண்டர் அட்டையிலும் பேனாவால் எழுதினார். "ஏன் தம்பி, எட்டு வரைக்கும்?" என்றேன். "எட்டு எழுத்துக்குக் கம்மியா எடுக்காது சார்." எடுத்திருந்தால் நாலோடு நிறுத்தியிருப்பார். தெருவில் நீங்கள் இணைப்புக் கொடுத்த அத்தனை வீட்டுக்கும் இதே எண்தான். சமத்துவபுரம் என்று பலகை வைக்காததுதான் குறை.

அன்று திறந்தது இந்தத் தண்ணீர்ப்பந்தல். கீழே பரோட்டாக் கடைக்கு வருகிறவர்கள், கல்லில் பரோட்டா வேகும் நேரத்தில் என் கணக்கில் ரீல்ஸ் பார்க்கிறார்கள். மோர் தீர்ந்தால் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். எனக்கு அந்த வசதி இல்லை. இருபதாம் தேதிக்கு மேல் நெட் நொண்டுகிறது. உங்களுக்குப் போன் போட்டால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார்கள். புகாரையும் பதிவு செய்துகொண்டார்கள்.

தர்மம் தலைகாக்கும் என்பார்கள். இந்தத் தர்மம் போலீஸையும் கூட்டிவரும். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குத்தான் வந்தது. ஐபி முகவரி வீட்டைக் காட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் லேப்டாப்போடு நின்றவனைக் காட்டாது.

பயந்துபோய், பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் நுழைந்தேன். பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய அறுபதுசொச்சம் பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டே உலகமெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப்போட்டது. என் ரவுட்டரில் சேர்ந்திருந்தவற்றின் பட்டியலில் பதினான்கு கருவிகள். எங்கள் வீட்டில் இருப்பது நாலு.

பாஸ்வேர்டு தெரியாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் திறந்தே வைத்திருந்தீர்கள். எட்டு இலக்க பின் நம்பர் அதற்குக் காவல். பத்துக் கோடி எண்ணில் எவன் கண்டுபிடிப்பான் என்று நாம் நினைப்போம். ஆனால் முதல் நாலு இலக்கம் சரியா தப்பா என்பதை ரவுட்டரே தனியாகச் சொல்லிவிடும். கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஆகவே 11,000 முறை தட்டினால் போதும் என்று 2011லேயே அம்பலமாகிவிட்டது. "பாதிச் சாவி பொருந்திடுச்சு, மீதியைப் பாரு" என்று திருடனுக்கு எடுத்துக்கொடுக்கிற பூட்டு!

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் சேரும் வீட்டுச் சாதனங்களை எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது என்று சட்டம். ஈகைக் குணம் இல்லாத தேசம்.

நானும் அன்று கஞ்சனாகிவிட்டேன். வைஃபைக்குப் பதினெட்டு எழுத்தில் பாஸ்வேர்டு, அட்மினுக்கு வேறொன்று, டபிள்யூபிஎஸ்ஸுக்கு மூடுவிழா. மறுநாள் காலையில் பரோட்டா மாஸ்டர் கதவைத் தட்டினார். "என்ன சார், நெட் வரலியே... பில் கட்டலியா?"

அதற்கு அடுத்த நாள், மூன்று வாரம் முன்னால் நான் கொடுத்த புகாருக்காக உங்கள் ஊழியர் வந்தார். "செட்டிங்ஸ் எல்லாம் மாத்தி வச்சிருக்கீங்களே சார்" என்று கடிந்துகொண்டு, ரவுட்டரின் முதுகில் ஊசியைக் குத்தி ரீசெட் செய்தார். 12345678 என்று அடித்தார். இந்த வருஷக் காலண்டரிலும் எழுதிவைத்தார்.

பந்தல் மறுபடி திறந்தாகிவிட்டது, ஐயா. கீழே கூட்டம் அலைமோதுகிறது.

இப்படிக்கு,
பில் கட்டுகிறவன்.