முத்துச்சிப்பியும் நம் பங்காளிதான்!

கேள்வி (திரேஸ்புரம் வாசகர்): கல்லில் கால் வைத்து இறங்கி, மூச்சடக்கி முத்துக் குளித்தார்களே எங்கள் தாத்தாமார், அவர்கள் ரத்தத்தில் அப்படி என்ன இருந்தது?

பதில்: கரையில் கருவாடு வாங்க நின்றவர் ரத்தத்தில் இருந்ததேதான். எட்டாவது குரோமோசோமில் சி.ஏ.2 என்று ஒரு ஜீன் உண்டு. அது செய்து தரும் புரதத்தின் பெயர் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-2. பெயர் வாயில் நுழையாது, வேலை எளிது. கார்பன்-டை-ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்துப் பைகார்பனேட் ஆக்கும்; வேண்டும்போது திரும்பப் பிரித்தும் தரும். உடம்பில் உண்டாகும் கார்பன்-டை-ஆக்சைடில் பெரும்பகுதி பைகார்பனேட்டாகத்தான் ரத்தத்தில் பயணம் செய்கிறது.

இந்த வேதிவினை என்சைம் இல்லாமலும் நடக்கும். ஆனால் ஆமை வேகம். நுரையீரலின் நுண்குழாயை ரத்தம் கடக்க முக்கால் விநாடிதான் ஆகிறது. அதற்குள் சரக்கை இறக்கியாக வேண்டும். சி.ஏ.2 புரதத்தின் ஒரே ஒரு மூலக்கூறு விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும். நம் துறைமுகத்தில் இந்த வேகத்தில் கன்டெய்னர் இறங்கினால், கொழும்புக்காரர்கள் என்றைக்கோ கடையைக் கட்டியிருப்பார்கள். சிவப்பணுவுக்குள் இப்படி ஓர் என்சைம் இருப்பதை 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி (தருவைகுளம் வாசகர்): தண்ணீருக்குள் மூச்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தானே?

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் முதலில் மணி அடிப்பது கார்பன்-டை-ஆக்சைடு. அது சேரச் சேர ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். மூளைத்தண்டு ‘மேலே வா, மேலே வா’ என்று கத்தத் தொடங்கும். இறங்குவதற்கு முன் புஸ் புஸ் என்று வேகமாக மூச்சு விட்டுக் கார்பன்-டை-ஆக்சைடை விரட்டிவிட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சில இளைஞர்கள் ரீல்ஸ் போடுகிறார்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, மணி அடிப்பதுதான் தள்ளிப்போகிறது. மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள். சுமார் ஒரு நிமிடம் மட்டுமே மூச்சடக்கிவிட்டுக் கயிற்றை ஆட்டிய அந்தக்கால ஆட்கள் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

கேள்வி (மணப்பாடு வாசகி): இந்தோனேசியாவில் கடலோடிகளுக்கு மண்ணீரலே பெரிதாக இருக்கிறதாமே? நமக்கும் அப்படி இருக்குமோ?

பதில்: அவர்கள் பஜாவ் மக்கள். 2018இல் வெளிவந்த ஆய்வு, பக்கத்து ஊர் சலுவான் மக்களைவிட அவர்களுக்கு மண்ணீரல் சுமார் ஐம்பது சதவீதம் பெரிது என்றது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். பஜாவ்களில் கடலில் குதிக்காதவர்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது, பி.டி.ஈ.10ஏ என்ற ஜீனின் ஒரு வடிவம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக, அன்றாடச் சாப்பாட்டுக்கே மூழ்குகிறவர்கள். நம் முத்துக்குளிப்பு வசந்தத்தில் சில வாரம். அதுவும் கடலடிப் பாரில் சிப்பி தேறிய ஆண்டுகளில் மட்டும். இடையில் பத்து இருபது வருடம் ஒன்றுமே இராது. கடைசியாக நடந்தது 1961இல். இயற்கைத் தேர்வு என்பது இப்படி விட்டு விட்டு வரும் தற்காலிக ஊழியரை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை என்பது என் கட்சி. தவிர, பரதவர்களோடு கீழக்கரை முஸ்லிம்களும், இலங்கைப் பார்களில் அரபிகளும் குளித்திருக்கிறார்கள். எந்த ஒரு ரத்தத்துக்கும் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது.

கேள்வி (பழையகாயல் வாசகர்): மனிதக் கதை இருக்கட்டும். முத்து எப்படி விளைகிறது?

பதில்: மார்கோ போலோ எழுதிவைத்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், விட்டுவிட முடியுமா? முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கால்சியம் கடல்நீரில் தாராளம். கார்பனேட்டுக்கு? 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முத்தின் பளபளப்பு அடுக்கைக் கரைத்து, அதிலிருந்து நேக்ரீன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பார்த்தால் அதுவும் ஒரு கார்பானிக் அன்ஹைட்ரேஸ்! நடுவில் ஒரு துத்தநாக அணு, அதைப் பிடித்துக்கொள்ளும் மூன்று ஹிஸ்டிடின்கள் என்று நம் சி.ஏ.2 புரதத்தின் அதே முகஜாடை. அவர்கள் ஆராய்ந்த சிப்பியும் பின்க்டாடா ஃபுகாடா. மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் அள்ளிய அதே இனம். அதே சிப்பியில்தான் 1973இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை விளையவைத்தார்கள். ஆக, குளித்தவரும் சிப்பியும் பங்காளிகள். பங்காளி பங்காளியின் சொத்தை எடுப்பது நம் ஊரில் புதிதா என்ன?

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): கண் அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அன்றிலிருந்து கோலி சோடா சப்பென்று இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்: அவர் பாவம், நல்லவர். மாத்திரை அசெட்டசோலமைடாக இருந்தால் அதுதான் குற்றவாளி. கண்ணுக்குள் நீர் சுரக்கவும் சி.ஏ.2 வேண்டும், அதைத் தடுத்தால் சுரப்பு குறைந்து கண் அழுத்தம் இறங்கும். 1950களிலிருந்து நடக்கும் வைத்தியம். ஆனால் மாத்திரை சி.ஏ.2-ஐ மட்டும் தேடிப்பிடித்து அடைப்பதில்லை. நாக்கில் சோடாவின் சுரீரை உணர்த்தும் சி.ஏ.4 என்ற உறவுக்கார என்சைமையும் சேர்த்து அடைத்துவிடும். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் அதுவும் இதே மருந்தின் கைங்கரியம். சோடாவுக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம் வாசகி): இந்த சி.ஏ.2 ஜீன் கெட்டுப்போனால் மூச்சே நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. சிவப்பணுவில் சி.ஏ.1 என்று ஓர் அண்ணன் இருக்கிறார். கொஞ்சம் மெதுவான ஆள், ஆனாலும் சமாளித்துவிடுவார். அண்ணன் இல்லாத இடங்களில்தான் அடி. எலும்பு என்பது கட்டிவிட்டு மறந்துபோகும் சுவர் அல்ல. பழையதைக் கரைக்கவும் புதியதைப் பூசவும் செல்கள் உண்டு. கரைக்கும் செல்லுக்கு அமிலம் வேண்டும், அமிலத்துக்கு சி.ஏ.2 வேண்டும். இல்லையென்றால் எலும்பு பளிங்குபோல் இறுகும், ஆனால் எளிதில் முறியும். மண்டையோடு தடித்துப் பார்வை நரம்பை நெருக்கலாம். சிறுநீரகத்தால் அமிலத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. மூளையில் சுண்ணாம்பு படியும். இத்தனைக்கும் காரணம் இந்த ஒற்றைப் புரதம் இல்லாததுதான் என்று 1983இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்லை குழுவினர் காட்டினார்கள். எலும்பைக் கரைக்கும் செல்கள் மஜ்ஜை வழி வருபவை என்பதால், மஜ்ஜை மாற்றிய சிலருக்கு எலும்புக் கோளாறு தீர்ந்தது. சிறுநீரகக் கோளாறு அப்படியே நின்றது.

மிக அரிய நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வரும். ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அரபு நாடுகளில் அதிகம் பதிவாகியிருக்கிறது, சொந்தத்தில் கல்யாணம் அங்கே வழக்கம் என்பதால். சிரிக்காதீர்கள், நம் கதையும் அதுதான். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகள் என்றால் நான்கில் ஒன்று. பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று நாம் காக்கும் ஆசாரம் ஜீனுக்குத் தெரியாது. அது அப்பா வழி, அம்மா வழி என்று பார்ப்பதில்லை.

கேள்வி (முத்தையாபுரம் உப்பளத் தொழிலாளி): கார்பன்-டை-ஆக்சைடைப் பைகார்பனேட் ஆக்கும் இதே வேலையை எங்கள் ஊர் ஆலையில் செய்கிறார்கள் என்கிறானே என் மகன்?

பதில்: மகன் கெட்டி. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடைப் பிடித்து, உங்கள் உப்பு, அம்மோனியா, தண்ணீரோடு சேர்த்து சோடியம் பைகார்பனேட் ஆக்கி, சூடாக்கிச் சோடா சாம்பல் எடுக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம். ஆலைக்குக் கோபுரம் வேண்டும், கொதிகலன் வேண்டும். சிவப்பணுவுக்கு 37 டிகிரிச் சூடு போதும். புகை பிடிக்க இந்த என்சைமையே பயன்படுத்தவும் பல ஆய்வகங்கள் முயல்கின்றன. புகைச் சூட்டில் அது சுருண்டுவிடுகிறது என்பதுதான் தலைவலி. அதனால் சூடு தாங்கும் வகைகளை உருவாக்குகிறார்கள்.

கேள்வி (தூத்துக்குடி கல்லூரி மாணவி): நம் உடம்பிலும் கால்சியம் இருக்கிறது, சிப்பியின் என்சைமும் இருக்கிறது. முத்து மட்டும் ஏன் விளைவதில்லை?

பதில்: யார் சொன்னது? சி.ஏ.2 முடங்கினால் கால்சியம் பாஸ்பேட்டில் ஒன்று விளையலாம். கோவில்பட்டிக்காரரின் கண் அழுத்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் அந்த யோகம் உண்டு. சிறுநீரகக் கல் என்று பெயர். குளித்து எடுக்க முடியாது, யூராலஜிஸ்ட்தான் எடுக்க வேண்டும். கூலியும் நாம்தான் கொடுக்க வேண்டும்.