ஃபேன் மட்டும் ஓடுது

இன்று காலை வந்த கொட்டேஷனில் ரேம் விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. நேற்று ராத்திரி நான் படுக்கப் போகும்போது இருந்த விலை வேறு. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "இந்த விலை இன்று மாலை வரை மட்டும்." நான் கேட்டது இரண்டே இரண்டு டிடிஆர்5 குச்சி, மொத்தம் 32 ஜிபி. கல்யாண மண்டபத்துக்காரர்கள்கூட அட்வான்ஸ் கொடுக்க ஒரு வாரம் தருகிறார்கள்.

2025 ஆடித் தள்ளுபடி சமயத்தில் இதே குச்சிகள் பத்தாயிரத்தை ஒட்டித்தான் நின்றன. இப்போது முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கின்றன. "அப்பவே வாங்கியிருக்கலாம்லா?" என்று கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து வரிசையில் பின்னால் போய் நிற்கவும். அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. "தீபாவளிக்கு இன்னும் இறங்கும் மாமா, அவசரப்படாதீய" என்று சொன்னது என் அக்கா மகன். பெங்களூரில் ஐடியில் இருக்கிறான். ஐடியில் இருக்கிறவன் சொல்லை நம்பித்தானே இந்தத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் போன் வாங்குகிறோம், வீடு வாங்குகிறோம், பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்கிறோம்?

விலை ஏற்ற இறக்கம் பற்றிப் புளியங்குடிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. கோடையில் கூரை மேல் ஏறி உட்காரும் விலை, சாரல் விழுந்ததும் தரைக்கு வந்துவிடும். அந்த நம்பிக்கையில் ரேம் சங்கதியை எலுமிச்சை கமிஷன் மண்டி அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். உலகத்தில் மெமரி சிப்பில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர் தயாரிப்பது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு இப்போது மெமரி மலைமலையாக வேண்டியிருக்கிறது. அதனால் இருக்கிற ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விற்றுவந்த குரூஷியல் என்ற பிராண்டை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்துவிட்டது. எல்லாவற்றையும் விளக்கினேன். அண்ணாச்சி ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப பெரிய பார்ட்டி ஒருத்தன் தோப்பையே மொத்தமாப் பேசி முடிச்சிட்டான். சில்லறைக்கு வரத்து இல்ல. இதுல உனக்கு என்ன புரியல?"

"புரியுது அண்ணாச்சி. எப்ப வரத்து வரும்?"

"அதை நீதானவே சொல்லணும்."

"புது ஆலை கட்டி, சிப் வெளிய வரணும். வருசக்கணக்குல ஆகுமாம்."

"எலுமிச்சை நட்டாலே நாலாம் வருசம் காய்ச்சிரும்" என்றார். இதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை ரேம் பற்றியது அல்ல. போட்டோ எடிட் பண்ணவும் கேம் விளையாடவும் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர் எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்ற ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் "போடுததுதான் போடுதீய" பற்றி ஒரு வார்த்தை.

என் பட்ஜெட் அறுபதாயிரம். அந்த அறுபதாயிரத்துக்குள் அடங்குகிற ஒரு பட்டியலை நானே எழுதினேன். ரைசன் 5 5600, அதற்கேற்ற ஏஎம்4 போர்டு, டிடிஆர்4 ரேம் 16 ஜிபி, சுமாரான ஒரு கார்டு. பட்டியலை அக்கா மகனுக்கு அனுப்பினேன். அங்கே தொடங்கியது.

"மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா போடுததுதான் போடுதீய, இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டா ஏஎம்5 வந்துரும். ஏஎம்4 பழசு. நாளைக்கு பிராசசர் மாத்தணும்னா என்ன செய்வீய?"

நான் இன்னும் முதல் பிராசசரே வாங்கவில்லை. ஆனாலும் நாளைக்கு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு. ஏஎம்5க்கு மாறினேன். 2022ல் வந்த அந்த சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். ஆக ரேம் மாறியது. 16 எதற்கு, போடுததுதான் போடுதீய, 32 போடுங்க. மாறியது. இப்படிப்பட்ட பிராசசரை ஒரு மலிவு போர்டில் மாட்டலாமா? போர்டு மாறியது. பிராசசர் பெட்டிக்குள்ளேயே ஒரு கூலர் இலவசமாக வருகிறது. இலவசமாக வருவதாலேயே அதை ஒருவரும் மதிப்பதில்லை. புளியங்குடி வெயிலுக்கு இது தாங்குமா என்று, புளியங்குடியைப் பார்த்தே இராத ஒரு கடைக்காரர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து போனில் கவலைப்பட்டார். கோபுரக் கூலர் ஒன்று வந்தது. அது நான் பார்த்துவைத்த கேபினெட்டுக்குள் நுழையாத உயரம். கேபினெட் மாறியது. புதுக் கேபினெட்டுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் இருட்டாக இருக்கக் கூடாதாம், லைட் வந்தது. ஃபேனில் லைட், கூலரில் லைட். ரேம் குச்சியிலும் லைட் எரிகிற வகை உண்டு, விலை கூடுதல். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலைக்கு வைத்த ஒரு சாமானுக்கு விளக்கு எதற்கு? ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எஸ்எம்பிஎஸ் 550 வாட் போதும் என்று நானே கணக்குப் போட்டிருந்தேன். "நாளைக்குப் பெரிய கார்டு போடணும்னா?" 650. "650க்கும் 750க்கும் பெரிய வித்தியாசம் இல்ல மாமா." 750. ரேட்டிங் பிராண்ஸா கோல்டா? இந்தக் கேள்வியை ஒரு தமிழ்க் குடும்பத்தில் கேட்கலாமா? கோல்டு.

750 கோல்டு வந்ததும் வீட்டில் இருந்த 600 விஏ யூபிஎஸ் அனாதையாகிவிட்டது. அது 360 வாட் சுமாருக்குத்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால், கீச்சென்று கத்திவிட்டுத் தானும் போய்விடும். சரி, பெரிய யூபிஎஸ். பெரிய யூபிஎஸ்ஸில் சாதா வகை இந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சில சமயம் ஒத்துப்போகாதாம், சைன் வேவ் வேண்டுமாம். சைன் வேவ் என்ற சொல்லைப் பிளஸ் டூ பிசிக்ஸில் கடைசியாகப் பார்த்தேன். அப்போதும் அது எனக்கு நல்லது செய்ததில்லை.

யூபிஎஸ்ஸை மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டினார். எர்த் சரியில்லை. "இம்புட்டு விலை சாமானுக்கு, போடுததுதான் போடுதீய, புதுசா ஒரு எர்த் குழி போட்டுருங்க அண்ணாச்சி." குழி என்றால் ஆள், கடப்பாரை, உப்பு, கரி. கொல்லையில் குழி தோண்ட வந்த கொத்தனார் அந்த இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "தோண்டுததுதான் தோண்டுதீய, அப்படியே அந்த செப்டிக் டேங்கையும் ஒரு பார்வை பாத்துருவமா?"

போட்டோ எடிட் பண்ணலாம் என்று தொடங்கிய காரியம் செப்டிக் டேங்கில் வந்து நின்றது. பார்த்தார். பார்த்தால் சும்மா விடுவார்களா? மாடியில் ஒரு ரூம் எழுப்பினால் கம்ப்யூட்டரையும் அங்கே வைத்துக்கொள்ளலாமே என்று கொத்தனார் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் நடுவில் புகுந்து தடுத்தேன்.

இது கம்ப்யூட்டரோடு நிற்கிற வியாதியும் அல்ல. ஜவுளிக்கடையில் எடுக்கிறதுதான் எடுக்கிறீர்கள் என்பார்கள். சமையல்காரர், வைக்கிறதுதான் வைக்கிறீர்கள், இன்னொரு இனிப்பு என்பார். சீசனில் விருந்தாளியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். மெயின் அருவியில் குளித்துத் தலை துவட்டும்போதே ஒரு குரல் வரும்: வந்ததுதான் வந்தோம், ஐந்தருவிக்கும் ஒரு எட்டுப் போயிருவோம். ஐந்தருவியில் நின்றால் பழைய அருவி கூப்பிடும். அங்கிருந்து, இவ்வளவு தூரம் வந்துட்டு பிரானூர் பார்டர் பரோட்டா சாப்பிடாமலா? பரோட்டா முடிந்தால் செங்கோட்டை பக்கத்தில்தானே, செங்கோட்டை தாண்டினால் கேரளாவில் பாலருவி. காலையில் ஒரு குளியலுக்குக் கிளம்பியவன் ராத்திரி ஈரத் துண்டோடு ஆரியங்காவு செக்போஸ்ட்டில் நிற்கிறான். நின்றிருக்கிறேன்.

இத்தனைக்கும், போட்டோஷாப்புக்கு விதை போட்ட தாமஸ் நோல் 1987ல் வைத்திருந்தது ஒரு மேக்கின்டாஷ் பிளஸ். அந்தத் திரையில் கருப்பு, வெள்ளை இரண்டுதான். நடுவில் சாம்பல்கூடக் கிடையாது. அந்த மாடல் கடையிலிருந்து வரும்போது அதில் மெமரி 1 எம்பி. சாம்பலே காட்டாத திரையில் எப்படியாவது சாம்பலைக் காட்டிவிட வேண்டும் என்று அவர் எழுதியதுதான், தம்பி ஜானும் சேர்ந்துகொள்ள, 1990ல் போட்டோஷாப்பாக விற்பனைக்கு வந்தது. அவருக்கு பெங்களூரில் அக்கா மகன் இல்லை.

நான் எடுக்கிற படங்களையும் சொல்லிவிடுகிறேன். சாரல் காலத்து மலை, கோயில் கொடை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. அதற்கு நூறு சதம் எஸ்ஆர்ஜிபி காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் வேண்டும் என்றார்கள், கேமுக்கு 165 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றார்கள், இரண்டும் ஒன்றாக இருக்கிற மானிட்டரை வாங்கவும் வைத்தார்கள். பச்சையில் மூன்று வகைப் பச்சையைப் பிரித்து, மலையை மலையாகவே காட்டி அனுப்புவேன். வாங்குகிற மாமா அதைக் கீறல் விழுந்த போனில், கண்ணுக்கு நல்லதென்று மகன் போட்டுக்கொடுத்த மஞ்சள் வெளிச்சத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "இதுல நான் எங்கடே இருக்கேன்?"

இப்போதைய நிலவரம் இதுதான். ரேம் தவிர எல்லாம் வந்து, மாட்டியாகிவிட்டது. நானேதான் மாட்டினேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு, அதை யாரும் தொட வேண்டாம். ரேம் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சுவிட்சைப் போட்டால் ஃபேனெல்லாம் சுற்றும், லைட்டெல்லாம் எரியும், நிறம் மாறும். போர்டின் ஓரத்தில் "டிராம்" என்று எழுதிய இடத்தில் ஒரு பொடி விளக்கு மட்டும், இல்லை இல்லை என்று எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் முன்னால் நின்று, அடேயப்பா என்கிறார்கள். ஓடுதா என்று கேட்கிறார்கள். ஓடுது, ஃபேன் ஓடுது என்கிறேன். எடிட்டிங் எல்லாம் பழைய லேப்டாப்பில்தான் நடக்கிறது. ஒரு படம் சேவ் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

வாரண்டிக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. பில் போட்ட தேதியிலிருந்து அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் ஃபேனைத் தவிர ஒழுங்காக ஓடுவது அது ஒன்றுதான்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக வருகிறது. போட்டோவுக்கு மட்டும் என்றால் பெரும்பாலான வேலையைப் பிராசசரும் ரேமும் பார்த்துக்கொள்ளும். கார்டு பெரிதாக வேலை செய்வது லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் போடும்போதுதான். ஆகவே 8 ஜிபியா, 16 ஜிபியா என்ற கேள்விக்கு நான் கண்ட முடிவு என்னவென்றால்...

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மேலத்தெருப் பெரியப்பா. கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள் கசங்கிய தாள்கள்.

"ஏல, பெரிய கம்ப்யூட்டர் போட்டிருக்கியாமே. ஒரு சிட்டா எடுத்துக் குடு."

"பெரியப்பா, இது இன்னும் ஓடல."

அவர் எட்டிப் பார்த்தார். சுவிட்ச் போட்டபடி இருந்தது. மூன்று ஃபேனும் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்தார். பொய் சொல்கிற பையனைப் பார்க்கிற பார்வை.

ரேம், டிராம், தைவான், கொரியா என்று முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சரி, லேப்டாப்பிலாவது எடுத்துத் தருகிறேன் என்று சர்வே நம்பரை வாங்கி, ஆன்லைனில் எடுத்தும் விட்டேன். திரையில் சிட்டா வந்தது.

"பிரிண்டு?"

"பிரிண்டர் இல்ல பெரியப்பா."

அவர் அந்தக் கண்ணாடிக் கேபினெட்டை மேலும் கீழும் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். யூபிஎஸ்ஸைப் பார்த்தார். கொல்லையில் புதிதாகப் பூசின எர்த் குழிவரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போட்டதுதான் போட்டே, அதோட ஒரு பிரிண்டரையும் போட்டிருக்கக் கூடாதால?"

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவைத்தேன். அக்கா மகனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், இங்க் டேங்க் வாங்கலாமா லேசர் வாங்கலாமா என்று. டைப் பண்ணிக்கொண்டிருக்கிறான். ரொம்ப நேரமாக டைப் பண்ணிக்கொண்டிருக்கிறான்.